எகிப்திய மத அடிப்படைவாதத்தின் சமூக வேர்கள்

மத அடிப்படைவாதம் என்பது பழைமையின் எச்சம் என்று எண்ணுவோர் பலர். கல்வி பரவாத ஊர்களிலே, நவீன வாழ்வின் காற்றுப் படாத மக்களிடையே பழைய நம்பிக்கைகள் இறுகிக் கிடப்பதனால் அது தோன்றுகின்றது என்பது அவர்தம் கருத்து. பாடசாலைகளைத் திறந்து, ஆலைகளை நிறுவி, பத்திரிகைகளைப் பரப்பிவிட்டால் அது தானே மறைந்தொழியும் என்றும் அவர் நம்புவர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நம்பிக்கை அரசியலாளரிடத்து மட்டுமன்றிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பலரிடத்தும் வேரூன்றியிருந்தது. முஸ்லிம் நாடுகளின் அண்மைக்காலச் சரித்திரத்தை, சிறப்பாக எகிப்தின் சரித்திரத்தை நோக்குவோர்க்கு இதற்கு மாறானதோர் உண்மை புலனாகும். அங்கே அடிப்படைவாத இயக்கத்தைத் தொடங்கியவர் ஒரு பாடசாலை ஆசிரியர். அதற்குத் தீவிரக் கொள்கை வகுத்தவர் கல்வி அமைச்சிலே பணியாற்றிய ஓர் இலக்கியத் திறனாய்வாளர். அதன்பொருட்டு ஆயுதம் ஏந்தியோருட் பலர் பொறியியலும் மருத்துவமும் பயின்ற மாணவர்.

அடிப்படைவாதம் என்னும் சொல்லே முஸ்லிம் நாடுகளிற் பிறந்ததன்று. அமெரிக்காவில் 1910 முதல் 1915 வரை, புரொட்டஸ்தாந்து கிறித்தவர் சிலர் தம் மதத்தின் அடிப்படைகள் இவையென விளக்கிப் பன்னிரண்டு சிறு நூல்களை வெளியிட்டனர். அதனை ஒட்டி 1920ஆம் ஆண்டு ஒரு பப்ரிஸ்த திருச்சபைப் பத்திரிகையின் ஆசிரியர் இப்பெயரைத் தம்மவர்க்குப் பெருமையுடனே சூட்டினார். பின்னரே அது பிற சமயத்தார்க்கும் உரித்தாகி அரபு மொழியிலும் பெயர்க்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த கொடுமையின் பின் இலங்கையிலும் இச்சொல் கடைத்தெரு முதற் பாராளுமன்றம் வரை ஒலித்தது. தாடி வளர்த்தவரும் ஐவேளை தொழுபவரும் தலையை மூடிய பெண்டிரும் இவ்வொரு சொல்லினாலேயே சுட்டப்பட்டனர். அவ்வழக்கு நீதியற்றது என்பது ஒருபுறமிருக்க, பொருளை அறிவதற்கும் அது பெருந் தடையாகும். பக்தி வேறு, அடிப்படைவாதம் வேறு. வேதநூலிலே அரசுக்கும் சட்டத்துக்கும் சமூக ஒழுங்குக்கும் நிறைவான திட்டம் உண்டெனக் கொள்ளுதல், இடைப்பட்ட நூற்றாண்டுகளின் உரையாசிரியரைக் கடந்து மூலத்துக்கே நேரே செல்ல விழைதல், தம்முடன் சேராத தம் மதத்தவரையே வழி தவறியவர் எனக் கருதுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தவிடத்தில் மட்டும் இச்சொல்லைப் பயன்படுத்துதல் தகும்.

எகிப்தை ஆங்கிலேயர் கைப்பற்றியது 1882இல். அவரை எதிர்த்துத் தோற்ற படைத்தலைவர் அஹ்மத் ஒராபி பாஷா 1883 தொடக்கம் 1901 வரை இலங்கையிலே நாடுகடத்தப்பட்டவராக வாழ்ந்தார் என்பதும், கொழும்பிலே 1892இல் ஸாஹிறாக் கல்லூரி தோன்றியபோது அம்முயற்சிக்குத் துணைநின்றார் என்பதும் இந்நாட்டவர் அறிந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எகிப்தின் வயல்கள் பருத்தித் தோட்டங்களாயின, புகையிரதம் வந்தது, ஐரோப்பியச் சட்டக் கோவைகள் நீதிமன்றங்களை ஆண்டன. கல்வியோ இரு கூறாயிற்று. ஒருபுறம் ஆயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த அல்-அஸ்ஹர் என்னும் சமய கலாபீடமும் அதன்கீழ்க் குர்ஆன் ஓதக் கற்பிக்கும் ஊர்ப் பள்ளிகளும் நின்றன. மறுபுறம் கணிதமும் பூமிசாத்திரமும் கற்பிக்கும் அரசாங்கப் பாடசாலைகள் எழுந்தன. இவ்விரண்டுக்கும் இடையே, அரபு ஆசிரியரைப் பயிற்றுவதற்கெனக் கெய்றோவில் தாருல் உலூம் என்னும் கல்லூரி நிறுவப்பட்டது. எகிப்தின் பிற்காலச் சரித்திரத்தைத் திருப்பிவிட்ட இருவர் அக்கல்லூரியிலே பயின்றவர்கள்.

அவருள் ஒருவர் ஹஸனுல் பன்னா. நைல் நதியின் கழிமுகத்திலுள்ள மஹ்மூதிய்யா என்னும் சிற்றூரிலே 1906இற் பிறந்தவர். தந்தையார் மணிக்கூடு திருத்துந் தொழிலர். மார்க்கக் கல்வியிலும் வல்லவர். பன்னா தாருல் உலூமிற் பயின்று 1927இல், இருபத்தொரு வயதிலே, சுயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலிய்யா நகருக்கு ஆரம்ப பாடசாலை ஆசிரியராக அனுப்பப்பட்டார். அந்நகர் எகிப்து நாட்டில் இருந்ததேயொழிய எகிப்தியருடையதாக இருக்கவில்லை. கால்வாய்க் கம்பனியின் தலைமையகம் அங்கேயிருந்தது. அந்நிய அதிகாரிகளின் மாளிகைகள் சோலைகளிடையே ஒளிர்ந்தன. அணித்தே ஆங்கிலேயரின் படைமுகாம். எகிப்தியத் தொழிலாளர் ஒதுக்குப்புறக் குடிசைகளிலே வாழ்ந்தனர். தெருப் பெயர்ப் பலகைகளும், பள்ளிவாசலின் பெயரால் அமைந்த தெருவின் பலகையுங்கூட, அந்நிய மொழியிலே எழுதப்பட்டிருந்தமையைப் பன்னா தம் நினைவுக் குறிப்பிற் கசப்புடன் பதிந்துள்ளார்.

அவர் பேசச் சென்ற இடம் பள்ளிவாசலன்று; கோப்பிக் கடை. வேலை முடிந்து வருந் தொழிலாளர் கூடும் அவ்விடத்தில் எளிய நடையிலே சில நிமிடங்கள் பேசுவார். 1928ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் படைமுகாமிலே கூலிவேலை செய்த அறுவர் அவரிடம் வந்து, தமக்கு வழிகாட்டுமாறு வேண்டினர் என்றும், அன்றே முஸ்லிம் சகோதரர் இயக்கம் தோன்றியது என்றும் அவர் எழுதியுள்ளார். அது முதலிற் கட்டியவை பள்ளிவாசலும் பாடசாலையுமே. அப்பள்ளிவாசலுக்குக் கால்வாய்க் கம்பனியே 500 எகிப்தியப் பவுண் நன்கொடை வழங்கியது என்பது சரித்திரத்தின் நகைப்புகளுள் ஒன்று.

பன்னா இளமையில் ஒரு ஸூபி நெறியைச் சார்ந்திருந்தவர். ஆயினும் அவர் உருவாக்கிய சமயம் கிராமத்தாரின் சமயமன்று. எகிப்தியக் குடியானவனது மார்க்கம் அவ்லியாக்களின் அடக்கத்தலங்களையும், அவர்தம் பிறந்தநாள் விழாக்களையும், நேர்ச்சைகளையுஞ் சூழ்ந்து வளர்ந்தது. தன்தா நகரிலே செய்யித் அஹ்மத் அல்-பதவியின் விழாவுக்கு இன்றும் இலட்சக்கணக்கானோர் திரளுவர். அங்கே இசையுண்டு, இனிப்புண்டு, ஊஞ்சலுண்டு. அடிப்படைவாதிகட்கு இவையெல்லாம் பிற்காலத்துப் புன்புதுமைகள். கிராமியச் சமயம் செவிவழியாகவும் வழக்கத்தின் வழியாகவும் வருவது. அடிப்படைவாதம் அச்சிட்ட புத்தகத்தின் வழியாக வருவது. எழுத்தறிந்த கூட்டம் ஒன்று தோன்றும்வரை அது தோன்றவும் இயலாது.

1932இற் பன்னா கெய்றோவுக்கு மாற்றம் பெற்றார். இயக்கமும் உடன் சென்றது. அந்நகரின் குடித்தொகை 1927இல் ஏறத்தாழப் பத்து இலட்சம். 1947இல் இருபது இலட்சத்தைக் கடந்தது. பெருகிய மக்களுட் கிராமங்களை விட்டு வந்தோர் மிகப் பலர். கிராமத்திலே ஒருவனுக்குச் சித்தப்பன், மாமன், ஊர்ப் பெரியவர் என்று சுற்றமுண்டு, நோயுற்றால் வருவார், தவறிழைத்தால் அதட்டுவார். நகரிலே வாடகை அறையொன்றில் அவன் தனியன். இவ்வெறுமையை இயக்கம் கண்டுகொண்டது. 1940களிலே அது தன் உறுப்பினரைச் சிறு சிறு குழுக்களாக வகுத்து ஒவ்வொன்றுக்கும் 'உஸ்றா' என்று பெயரிட்டது. அவ்வரபுச் சொல்லின் பொருள் குடும்பம் என்பதாகும். குழுவினர் வாரந்தோறும் கூடுவர். ஒருவர் இடுக்கணுக்கு மற்றவர் பொறுப்பு. மருந்தகம், இரவுப் பாடசாலை, விளையாட்டுக் கழகம், சிறு தொழிற்சாலை எனப் பலவும் எழுந்தன. 1949இல் இயக்கத்துக்கு 2,000 கிளைகள் இருந்தன என்றும் உறுப்பினர் ஐந்து இலட்சம் வரை இருந்தனர் என்றும் ஆராய்ச்சியாளர் மதிப்பிடுவர். கொள்கையின் பொருட்டு மட்டும் இத்தனை பேர் சேர்ந்தனர் என்பது பொருந்தாது. தம்மைப் பெயர் சொல்லி அழைப்பார் உள்ள ஓரிடத்தை நாடியே பலர் வந்தனர்.

இயக்கத்தினுள்ளே ஆயுதம் தாங்கிய இரகசிய அணியொன்றும் இருந்தது. 1948 டிசெம்பரிற் பிரதமர் நுக்ராஷி பாஷா இயக்கத்தைத் தடைசெய்தார். அதே மாதம் 28ஆந் திகதி இயக்கத்தைச் சேர்ந்த ஒரு மாணவன் அவரைச் சுட்டுக் கொன்றான். 1949 பெப்ருவரி 12ஆந் திகதி பன்னாவும் கெய்றோத் தெருவிலே சுடப்பட்டு மாண்டார். கொலைக்குக் கொலை என்னும் இச்சங்கிலி பின்னர் எளிதில் அறவில்லை.

மற்றவர் செய்யித் குதுப். அவரும் 1906இலேயே, மேல் எகிப்திலுள்ள மூஷா என்னும் கிராமத்திற் பிறந்தார். தம் இளமையைப் பற்றி 1946இல் அவர் வெளியிட்ட நூலிலே, அரசாங்கப் பாடசாலைக்கும் பழைய ஓதற்பள்ளிக்கும் ஊரிலே மூண்ட போட்டியைச் சுவைபட வருணித்துள்ளார். அவர் அரசாங்கப் பாடசாலையின் பக்கம் நின்றவர்; அப்பாடசாலை மாணவரும் எவர்க்குந் தாழ்ந்தவரல்லர் எனக் காட்டுதற்காகவே பத்து வயதளவிற் குர்ஆன் முழுவதையும் மனனஞ் செய்தவர். பின்னர் கல்வி அமைச்சில் உத்தியோகம் பெற்றார். கவிதையும் திறனாய்வும் எழுதினார். நஜீப் மஹ்பூஸின் நாவல்களை முதன்முதற் போற்றியோருள் ஒருவரும் இவரே. 1948இல் அமைச்சு அவரை அமெரிக்கக் கல்வி முறையை ஆராய அனுப்பிற்று. 1950இல் அந்நாட்டின் பொருள் வேட்கையை வெறுத்தவராய்த் திரும்பினார். அவரது மாற்றத்துக்கு அமெரிக்கப் பயணமே காரணம் எனக் கூறுவோர் உளர். மிகைப்பட்ட கூற்று அது. புறப்படு முன்னரே சமூக நீதியைப் பற்றிய தம் சமய நூலை அவர் எழுதி முடித்திருந்தார்.

அவரை மாற்றியது சிறை. 1952ஆம் ஆண்டுப் புரட்சியை இயக்கத்தார் முதலில் வரவேற்றனர். 1954 ஒக்டோபரில் அலெக்சாந்திரியாவிலே ஜமால் அப்துல் நாஸர் மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்ததும் அறுவர் தூக்கிலிடப்பட்டனர்; ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர்; குதுப்பும் அவருள் ஒருவர். 1957இல் தூறாச் சிறையிலே காவலர் சுட்டதில் இயக்கத்தார் 21 பேர் இறந்தனர். தம்மை வதைப்போரும் முஸ்லிம் பெயர் தாங்கியவரே என்னும் நிலை கைதிகளின் உள்ளத்திலே ஒரு வினாவை எழுப்பிற்று: இவர் முஸ்லிம்கள் தாமோ? 1964இல் வெளிவந்த 'மைல்கற்கள்' என்னும் நூலிற் குதுப் அதற்கு விடை கூறினார். இறைவனது சட்டத்தால் ஆளப்படாத சமூகம் எதுவாயினும் அது, நபிகளார்க்கு முற்பட்ட அரேபியாவைப் போன்ற 'ஜாஹிலிய்யா' எனப்படும் அறியாமை நிலையிலே இருப்பது என்றார். இக்கருத்தை அவர் முற்றாகத் தாமே படைக்கவில்லை. 1941இலே லாகூரில் ஜமாஅத்தே இஸ்லாமியை நிறுவிய பத்திரிகையாளர் மௌதூதியின் எழுத்துகளை அரபிற் கற்றிருந்தார். ஆயினும் சிறையின் வெப்பம் மௌதூதியின் எழுத்தில் இல்லை. 1966 ஓகஸ்ட் 29ஆந் திகதி குதுப் தூக்கிலிடப்பட்டார். ஒரு நூலுக்கு அதனினும் பெரிய விளம்பரத்தை எந்த அரசும் செய்திருக்க முடியாது.

இயக்கத்தின் தலைவராயிருந்த ஹஸன் அல்-ஹுதைபி நீதிபதியாகப் பணியாற்றியவர். 'நாம் அழைப்பாளரேயன்றி நீதிபதிகள் அல்லர்' என்னும் கருத்துடைய தலைப்பிலே அவர் பெயரால் ஒரு நூல் எழுந்தது. பிற முஸ்லிம்களை மதத்துக்குப் புறம்பானவர் எனத் தீர்ப்பிடும் உரிமை எவர்க்குமில்லை என்று அது வாதிட்டது. அடிப்படைவாதிகள் யாவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர் எனக் கருதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இனி, மாணவரை நோக்குவோம். நாஸரின் அரசு பல்கலைக்கழகக் கல்வியை இலவசமாக்கியது. பட்டம் பெற்றவர்க்கெல்லாம் அரச உத்தியோகம் உறுதி என்றும் வாக்களித்தது. ஏழைக் குடியானவனின் மகன் வைத்தியனாகலாம் என்பது பேராயிர வருட எகிப்தியச் சரித்திரத்திலே புதுமை. அதனை இகழ்தல் நன்றியின்மையாகும். இன்னல் எண்ணிக்கையிலே பிறந்தது. 1970இல் ஏறத்தாழ இரண்டு இலட்சமாயிருந்த பல்கலைக்கழக மாணவர் தொகை 1977இல் ஐந்து இலட்சமாயிற்று. மண்டபங்கள் பெருகவில்லை, ஆசிரியர் பெருகவில்லை. ஓர் இருக்கையில் இருவர் மூவர் நெருங்கியமர்ந்தனர். விரிவுரைக் குறிப்புகளை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. வசதியுள்ளோர் தனிப்பாடம் கற்றனர். பட்டம் பெற்றபின் வாக்களித்த உத்தியோகத்துக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். கிடைத்த உத்தியோகத்தின் சம்பளத்திலோ வீடு கொள்ளவும் மணம் முடிக்கவும் இயலாது. 1967 யூன் மாதம் சினாய்ப் பாலைவனத்தில் நேர்ந்த தோல்வி நாஸரின் கொள்கைமீதிருந்த நம்பிக்கையையும் முன்னரே தகர்த்திருந்தது.

அவ்வேளையிற் பல்கலைக்கழகங்களிலே மாணவர் சமய சங்கங்கள் தோன்றின. இடதுசாரி மாணவரை அடக்குதற்கு இவை பயன்படும் என எண்ணி அன்வர் சதாத்தின் அரசு அவற்றை வளரவிட்டது. அவை செய்த முதல் வேலை பிரசங்கமன்று. விரிவுரைக் குறிப்புகளைப் பிரதிசெய்து குறைந்த விலைக்குக் கொடுத்தன. நெரிசல் மிக்க பஸ் வண்டிகளிலே தொல்லையுற்ற மாணவியர்க்குத் தனி வண்டி ஒழுங்குசெய்தன. பின்னர், தலையை மூடியோர்க்கே அதில் இடம் என்றன. அரசு செய்யத் தவறிய சிறு உதவிகளின் வழியாகவே பெருங் கொள்கை உள்ளே புகுந்தது. 1977 அளவில் மாணவர் ஒன்றியங்கள் பல அச்சங்கங்களின் கையில் இருந்தன.

1974இல் இராணுவத் தொழினுட்பக் கல்லூரியைத் தாக்கிய குழுவையும், 1977இல் எழுந்த இன்னொரு குழுவையும் சேர்ந்த கைதிகள் 34 பேரை எகிப்தியச் சமூகவியலாளர் ஸஅதுத்தீன் இப்றாஹீம் நேரிற் கண்டு ஆராய்ந்து, 1980இல் முடிபுகளை வெளியிட்டார். அவருள் 29 பேர் பல்கலைக்கழக மாணவர் அல்லது பட்டதாரிகள். மருத்துவம், பொறியியல் முதலிய, மிக உயர்ந்த புள்ளி பெற்றோரே புகத்தக்க துறைகளைச் சேர்ந்தோர் பலர். பெரும்பாலோர் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் ஒழுங்கான குடும்பங்களிற் பிறந்து பெருநகர் வந்தவர்கள். தந்தையர் பெரும்பாலும் நடுத்தர அரச ஊழியர். சுருங்கக் கூறின், எந்தப் பாடசாலையும் பரிசளிப்பு விழாவிலே மேடைக்கு அழைக்கும் பிள்ளைகள். முப்பத்துநால்வர் என்பது சிறு தொகை என்பது உண்மையே. ஆயினும் டியேகோ கம்பெற்றா, ஸ்ரெபன் ஹேர்ற்றொக் என்னும் ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட நூலிலும், பல முஸ்லிம் நாடுகளின் தீவிரவாதக் குழுக்களிற் பொறியியல் பயின்றோர் எதிர்பார்க்கத்தக்க அளவினும் மிகுதியாக இருந்தமை காட்டப்பட்டது. பட்டதாரிகட்கு வேலைவாய்ப்பு மிகுந்திருந்த சவூதி அரேபியா இதற்கு விலக்காயிருந்தது. வறுமை மட்டும் காரணமாயின் மிக வறியவரே முன்னிற்றல் வேண்டும். எதிர்பார்ப்பை உயர்த்திவிட்டு வழியை அடைப்பது வறுமையினுங் கொடிதாக வேலை செய்தது. இவ்வளவும் கூறிய பின்னரும், அதே வகுப்பறைகளில், அதே இருக்கைகளில் அமர்ந்திருந்த இலட்சக்கணக்கானோர் எவரையுங் கொல்லவில்லை என்பதும் நினைக்கற்பாலது. சமூகக் காரணம் குற்றவாளிக்கு மன்னிப்புச் சீட்டாகாது.

இம்மாணவர் மார்க்கத்தை எவரிடங் கற்றனர்? அல்-அஸ்ஹரின் மரபிலே நூலை ஆசிரியரிடம் அமர்ந்து, அவர் தம் ஆசிரியரிடங் கேட்ட முறையிலே பல்லாண்டு கற்றல் வேண்டும். ஒரு விதிக்குப் பத்து உரை, பத்து விலக்கு. பொறியியல் மாணவனுக்கு அதற்குப் பொழுதில்லை. சூத்திரத்தைப் பார்த்து விடை காண்பதற்கே அவன் பழக்கப்பட்டவன். வேதநூலையும் அவ்வாறே வாசித்தான். எழுத்தைக் கற்பித்த பாடசாலைக்கு அவன் அதனை எங்ஙனம் வாசிப்பான் என்பதனைத் தீர்மானிக்கும் வல்லமை இருக்கவில்லை. உலமாக்களின் சொல்லும் அவன் செவியில் ஏறவில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அல்-அஸ்ஹரை அரசின் கீழ் இறுக்கமாகக் கொணர்ந்தபின், அவர்கள் சம்பளத்துக்குத் தீர்ப்புக் கூறுவோர் என்னும் பழி சூழ்ந்தது. விவசாயப் பட்டதாரியான ஷுக்ரி முஸ்தபாவின் குழு 1977 யூலையிற் கடத்திக் கொன்றது ஓர் அந்நியனையன்று. அல்-அஸ்ஹரின் பேரறிஞரும் முன்னாள் அமைச்சருமான ஷெய்கு முஹம்மத் அல்-தஹபியையே. 1981 ஒக்டோபர் 6ஆந் திகதி சதாத்தைக் கொன்றோர்க்கு வழிகாட்டிய நூலை எழுதிய அப்துஸ் ஸலாம் பரஜ் ஒரு மின்பொறியியலாளர். அந்நூலுக்கு நாட்டின் முப்தி விரிவான மறுப்பெழுதினார்; எழுதியபோது காலங் கடந்துவிட்டது.

அதன்பின் நீரோட்டம் இரண்டாகப் பிரிந்தது. முஸ்லிம் சகோதரர் வைத்தியர், பொறியியலாளர், வழக்கறிஞர் ஆகியோரின் தொழிற் சங்கங்களைத் தேர்தல் மூலம் கைக்கொண்டனர். 1992 ஒக்டோபரிற் கெய்றோ நிலநடுக்கத்தின்போது அரசுக்கு முன்னரே அவர்தம் வைத்தியர் கூடாரமடித்து உதவினர். 2005இற் பாராளுமன்றத்திலே 88 இடங்கள் பெற்றனர். 2012 யூனிற் பொறியியற் பேராசிரியரான முஹம்மத் முர்சி சனாதிபதியானார். அடுத்த ஆண்டு யூலை 3ஆந் திகதி இராணுவம் அவரை நீக்கிற்று. ஓகஸ்ட் 14ஆந் திகதி றாபியாச் சதுக்கத்திற் கூடியிருந்த அவர் ஆதரவாளருள் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். டிசெம்பரில் இயக்கம் பயங்கரவாத அமைப்பெனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆண்டவரின் ஓராண்டு ஆட்சியிலே தம்மவரல்லாதாரை அணைத்துச் செல்லும் ஆற்றல் காணப்படவில்லை. அவரை வீழ்த்தியவரோ 1954இன் பாடத்தை அவ்வாறே மீண்டும் நடத்தினர்.

ஆயுதம் ஏந்திய கிளை, மேல் எகிப்திலே வேரூன்றிய அல்-ஜமாஅதுல் இஸ்லாமிய்யா. 1990களில் அது அரசோடு பொருதது. 1997 யூலையில் அதன் சிறைப்பட்ட தலைவர்கள் போரை நிறுத்துவதாக அறிவித்தனர். அதனை ஏலாத ஒரு பிரிவினர் நவம்பர் 17ஆந் திகதி லக்ஸரை அடுத்த ஒரு கோயிலிலே வெளிநாட்டார் 58 பேரையும் எகிப்தியர் நால்வரையும் கொன்றனர். தலைவர்கள் தம் அறிவிப்பினின்றும் மாறவில்லை. மாணவப் பருவத்திலே சிறை புகுந்தவர்கள் அங்கே நரை கண்டிருந்தனர். பொழுது மிக இருந்தமையால், இளமையிலே தாண்டிச் சென்ற பழைய சட்ட நூல்களை உரைகளோடும் விலக்குகளோடும் இப்பொழுதுதான் பொறுமையாகக் கற்றனர். 2002 சனவரியில் 'கருத்துத் திருத்தம்' என்னும் வரிசையிலே நான்கு நூல்களை வெளியிட்டு, தாம் செய்த போருக்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை என்று எழுதினர். அவருள் முதல்வரும், சதாத் கொலை வழக்கிலே தண்டனை பெற்றவருமான கறம் ஸுஹ்தி 2003இல் ஒரு பத்திரிகைக்கு அளித்த பேட்டியில், சதாத் ஷஹீதாகவே மரணித்தார் என்று கூறினார். அவ்வாண்டிலேயே அவர் விடுதலையானார். சிறை புகுந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.